வண்டியின் பின்பாதி

கிழக்குக் கடற்கரைச் சாலை: வரலாற்றுத் தொடர் – 17

சென்ற வாரம் உப்பு வரியோடு நிறுத்தியிருந்தோம். 1805-ல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னை மாகாணத்து உப்பைத் தன் ஏகபோகமாக்கிக்கொண்டது. 1947 ஏப்ரலில்தான் உப்பு வரி ஒழிந்தது. இடைப்பட்ட நூற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மரக்காணத்தில் யார் உப்பு விளைக்கலாம், எவ்வளவு விளைக்கலாம், யாருக்கு விற்கலாம் என்பதெல்லாம் சர்க்கார் பேரேட்டில் எழுதப்பட்ட சங்கதிகள். கடலும் வெயிலும் களிமண்ணும் ஆயத்தமாக இருந்த இடத்தில்கூட உரிமம் இல்லாமல் ஒரு பாத்தி கட்ட முடியாது.

இந்த வாரம் அதே உப்பளங்களுக்கு நடுவே ஓடும் கார்களைப் பற்றி. விஷயம் தாவுவதுபோல் தோன்றலாம். ஆனால் இந்தச் சாலையில் எந்த உருவத்தில் கார் ஓடும் என்பதையும் ஒரு பேரேடுதான் எழுதுகிறது.

சனிக்கிழமை காலையில் மரக்காணத்தில் நின்று பார்த்தால் தெரியும். சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிற கார்கள் அடுத்தடுத்து வரும். ஜெர்மன் கார்களும் நிறையவே உண்டு. உயரமான எஸ்.யூ.வி.கள், தாழ்வான செடான்கள், அபூர்வமாக இரண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார்கள். ஒரே ஒரு வகைதான் கண்ணில் படாது. செடானைப் போலத் தாழ்வாகவும் நீளமாகவும் இருந்து, கூரை மட்டும் கடைசி வரை நேராக ஓடி, டிக்கி இருக்கவேண்டிய இடம் ஓர் அறையாக விரிந்திருக்கும் ஸ்டேஷன் வேகன். அதிலும் பெரிய எஞ்சின் பூட்டிய அதிவேக வேகன் இங்கே காணக் கிடைக்காத பொருள்.

ஐரோப்பாவில் அப்படி இல்லை. 1994-ல் ஆடி நிறுவனம் போர்ஷேயோடு சேர்ந்து ஆர்.எஸ்.2 அவாண்ட் என்று ஒரு வேகனைக் கட்டியது. 2.2 லிட்டர், ஐந்து சிலிண்டர், டர்போ, 315 குதிரைத்திறன். குடும்பத்தையும் பெட்டி படுக்கையையும் ஏற்றிக்கொண்டு ஸ்போர்ட்ஸ் காரை விரட்டக்கூடிய வண்டி. 2,891 கார்கள் செய்தார்கள்; திட்டமிட்டதைவிட அது அதிகம். பி.எம்.டபிள்யூ. அதற்கும் முன்பே, 1992-லேயே, எம்5 டூரிங் என்ற வேகனைக் கொண்டுவந்திருந்தது; 891 கார்களோடு அதை நிறுத்தியது. இன்று ஆர்.எஸ்.6 அவாண்ட், எம்3 டூரிங், ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கோம்பி என்று அந்தக் குடும்பம் பெருகிவிட்டது. ஆனால் இவை எல்லா நாட்டுக்கும் போவதில்லை. அமெரிக்காவுக்கே பல வேகன்கள் மறுக்கப்பட்டன. இந்தியாவுக்கு ஏறக்குறைய எல்லாமே.

ஏன் என்று கேட்டால் கார் விற்பவர்கள் ஒரே பதிலைச் சொல்வார்கள்: இந்தியருக்கு வேகன் பிடிக்காது. எனக்கு அந்தப் பதிலில் பாதிக்கு மேல் உடன்பாடு இல்லை. பிடிக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய இடத்துக்கு வாங்குபவர் வருவதற்கு முன்பே முடிவு எடுக்கப்பட்டுவிடுகிறது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

சுமையும் பயணமும் ஒரே வண்டியில் போவது இந்தக் கரைக்குப் புதிதல்ல. சங்க காலத்து ஓய்மாநாட்டின் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். கடற்கரை உப்பை உள்நாட்டுக்கு ஏற்றிப்போன உமணர்கள் பெண்டு பிள்ளைகளோடு வண்டித் தொடராகப் போனதைச் சங்கப் பாடல்கள் மறுபடி மறுபடி சொல்கின்றன. மேட்டில் ஏறும்போது அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு இன்னோர் அச்சை வண்டிக்கு அடியிலேயே கட்டி வைத்திருந்தார்கள் என்பது புறநானூறு தரும் தகவல். அதற்குப் பிறகு பக்கிங்காம் கால்வாயில் உப்புப் படகுகள் வந்தன. பிறகு லாரி. பொருளுக்கு ஒரு வண்டி, ஆளுக்கு ஒரு வண்டி என்று பிரிந்தது மோட்டார் காலத்தில்தான்.

அந்த இரண்டையும் ஒன்றாக்க இந்தக் கரைக்குச் சற்று வடக்கே ஒரு முயற்சி நடந்தது. அதை இன்று பேசுவாரில்லை.

1948-ல் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா என்ற நிறுவனம் சென்னையில் தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு நிறுவனத்தோடு கூட்டு. வண்டலூர்ப் பக்கம் தொழிற்சாலை. முதலில் வான்கார்டு, பிறகு சின்ன ஸ்டாண்டர்டுகள், 1961 முதல் ஹெரால்டு. 948 சி.சி. எஞ்சின், இத்தாலியர் ஜியோவானி மிக்கெலோட்டி வரைந்த உடல். அந்தக் காலத்துச் சென்னையில் டாக்டர்களும் வக்கீல்களும் விரும்பி ஓட்டிய கார்.

ஹெரால்டின் உடம்பில் ஒரு விசேஷம் இருந்தது. அக்காலத்தில் புதிதாக வந்த கார்கள் அநேகமாகக் கூடும் சட்டமும் ஒன்றான மோனோகாக் அமைப்புக்கு மாறிக்கொண்டிருந்தன. ஹெரால்டு மட்டும் பழைய முறையில் தனி அடிச்சட்டத்தோடு வந்தது. இங்கிலாந்தில் உடல் தகடு அடித்துக் கொடுத்துவந்த ஃபிஷர் அண்டு லட்லோ நிறுவனத்தைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953-ல் வாங்கிவிட்டது. அதனால் பல சிறு பட்டறைகளில் துண்டு துண்டாகத் தகடு செய்து, அடிச்சட்டத்தின் மேல் போல்ட் போட்டு இணைக்கும் வழியை ஸ்டாண்டர்டு-டிரயம்ப் தேர்ந்தெடுத்தது. நெருக்கடியில் எடுத்த அந்த முடிவு சென்னைக்கு வரமாக அமைந்தது. அடிச்சட்டம் அப்படியே இருக்க, மேல்கூட்டை மாற்றிக்கொள்ளலாம். இங்கிலாந்து ஹெரால்டுக்கு இரண்டே கதவு. சென்னைக்காரர்கள் நான்கு கதவு வைத்தார்கள். அதே காரின் முதுகை நீட்டிப் பின்கதவும் வைத்து ஐந்து கதவு எஸ்டேட் ஒன்றையும் செய்தார்கள். அதன் பெயர் ஸ்டாண்டர்டு கம்பேனியன். இந்த இரண்டு உருவங்களும் இந்தியாவுக்கென்றே பிறந்தவை. உலகில் வேறெங்கும் செய்யப்படவில்லை.

தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுச் சாலைக்குச் செய்த வேகன் அது. ஆர்.எஸ்.2 பிறப்பதற்குக் கால் நூற்றாண்டு முன்பு. வேகத்தில் அதற்குப் பக்கத்தில்கூட நிற்காது என்பது வேறு விஷயம்.

கம்பேனியன் நிலைக்கவில்லை. லைசென்ஸ் ராஜ்யத்தில் எத்தனை கார் செய்யலாம் என்பதற்கே அளவு இருந்தது. வெளிநாட்டிலிருந்து பாகம் வாங்க அந்நியச் செலாவணி கிடைக்காது. அம்பாசடரும் ஃபியட்டும் டாக்சிச் சந்தையைப் பிடித்துக்கொண்டன. ஹெரால்டின் பின் சஸ்பென்ஷன் குறுக்கு வாட்டில் ஒற்றை இலைவில்லில் தொங்குவது. நம் சாலையில், நம் சுமையில் பின்சக்கரங்கள் கால் அகட்டி நிற்கும். சுமை ஏற்றுவதற்கென்றே செய்த எஸ்டேட்டுக்கு இது நல்ல அமைப்பல்ல. 1972-ல் கெஸல் என்று மாற்றுப் பெயரில் வந்த காருக்குச் சாதாரண பின் அச்சைப் போட்டார்கள். 1977-க்குப் பிறகு அதுவும் இல்லை. 1985-ல் ரோவர் உடம்பில் பழைய எஞ்சினைப் பூட்டி ஸ்டாண்டர்டு 2000 செய்து பார்த்தார்கள். சில ஆண்டுகளில் கார் உற்பத்தியே நின்றுபோனது.

அதற்குப் பின் வந்த வேகன்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1992-ல் டாடா எஸ்டேட், பிக்கப் வண்டியின் அடிச்சட்டத்தில் எழுந்த டீசல் வண்டி. 2000-ஐ ஒட்டி மாருதி பலேனோ ஆல்டுரா. ஸ்கோடா ஆக்டேவியா கோம்பி. 2004-ல் டாடா இண்டிகோ மெரினா. எதுவும் நீடிக்கவில்லை. இதைத்தான் 'இந்தியருக்குப் பிடிக்காது' என்பதற்குச் சாட்சியாகக் காட்டுகிறார்கள். உண்மையும் அதில் உண்டு. நம் ஊரில் நீண்ட முதுகும் பின்கதவும் உள்ள வண்டி என்றால் ஆம்புலன்ஸ் ஞாபகம் வரும், சரக்கு வண்டி ஞாபகம் வரும். டிக்கி தனியாகப் பின்னால் நீட்டிக்கொண்டிருப்பது அந்தஸ்து. கல்யாணத்துக்குப் போய் இறங்கும்போது செடானுக்குக் கிடைக்கும் மரியாதை வேகனுக்குக் கிடைக்காது. பழைய காராக விற்கப் போனாலும் விலை படியாது.

ஆனால் இந்த மனநிலை மாறுவதற்கு நேரம் கிடைத்திருந்தால்? மாறும் என்பதற்குச் சாட்சி ஹேட்ச்பேக். டிக்கி இல்லாத கார் என்று ஒரு காலத்தில் ஏளனமாகப் பார்க்கப்பட்ட அந்த வகையைத்தான் பிற்பாடு நாடே ஓட்டியது. வேகனுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. 2006-ல் ஒரு கோடு விழுந்தது.

அந்த ஆண்டு பட்ஜெட்டில் நிதியமைச்சர் ப. சிதம்பரம் சிறிய கார்களுக்கான கலால் வரியை 24 விழுக்காட்டிலிருந்து 16 ஆகக் குறைத்தார். சிறிய கார் என்றால் எது? நீளம் நான்கு மீட்டருக்குள் இருக்கவேண்டும். எஞ்சின் பெட்ரோல் என்றால் 1,200 சி.சி.க்குள், டீசல் என்றால் 1,500-க்குள். நோக்கம் நல்லதுதான்: எளிய மக்களுக்கு எட்டும் கார், இந்தியாவைச் சிறு கார்களின் உற்பத்தி மையமாக்குவது. அது நடக்கவும் செய்தது. ஆனால் 8 விழுக்காடு வித்தியாசம் என்பது கார் தொழிலில் மலை. அன்றிலிருந்து இந்தியக் கார்களின் உருவத்தை வரைந்தது வரைபடக் கலைஞரின் பென்சிலைவிட அந்த நான்கு மீட்டர் கோடுதான்.

விளைவை உடனே பார்த்தோம். 2008-ல் டாடா தன் இண்டிகோ செடானின் பின்புறத்தை வெட்டிக் குறைத்து இண்டிகோ சி.எஸ். என்று கொண்டுவந்தது. 2012-ல் மாருதி தன் டிசையரின் டிக்கியைக் குறுக்கி 3,995 மில்லிமீட்டருக்குள் அடக்கியது. 2013-ல் மறைமலைநகரில் ஃபோர்டு செய்த எக்கோஸ்போர்ட் 3,999 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டர் மிச்சம்! வேகன் என்றால் பின்புறம்தான் அதன் உயிர். முன்னிருக்கை, பின்னிருக்கை, அதற்குப் பின்னால் ஒரு தாராளமான அறை. நான்கு மீட்டருக்குள் அதை அடக்கினால் வெறும் ஹேட்ச்பேக் ஆகிவிடும். நான்கு மீட்டரைத் தாண்டினால் பெரிய கார்களின் வரி வந்துவிடும். அந்த வரியைக் கட்டத் தயாராக இருப்பவர் அதே பணத்துக்குப் பார்வைக்கு இரண்டு மடங்கு பெரிதாகத் தெரியும் உயரமான வண்டியை வாங்குவார். வேகனுக்கு நிற்க இடமில்லை.

2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோதும் அந்தக் கோடு அழியவில்லை. எஸ்.யூ.வி. என்றால் என்ன என்பதற்கும் வரிச்சட்டம் விளக்கம் எழுதியது: நான்கு மீட்டருக்கு மேல் நீளம், 1,500 சி.சி.க்கு மேல் எஞ்சின், தரையிலிருந்து 170 மில்லிமீட்டர் இடைவெளி. அவற்றுக்கு மொத்தம் 50 விழுக்காடு வரி. பெரிய செடானுக்கும் வேகனுக்கும் 48. இரண்டே விழுக்காடு. தாழ்வான, எடை குறைந்த வண்டியை வாங்கினால் நாட்டுக்கு ஏதாவது நன்மை உண்டு என்று அந்த இரண்டு விழுக்காடு யாரையும் நம்பவைக்கப் போவதில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் அதுவும் போயிற்று. சிறிய காருக்கு 18, மற்றவற்றுக்கெல்லாம் 40. நான்கு மீட்டர் கோடு மட்டும் அப்படியே இருக்கிறது.

இனி அதிவேக வேகனுக்கு வருவோம். இங்கே நம் செங்கல்பட்டுப் பக்கமே ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. சிங்கப்பெருமாள்கோவில் அருகே மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பி.எம்.டபிள்யூ. ஆலை 2007 மார்ச்சில் திறக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து பகுதி பகுதியாக வரும் கார்களை இங்கே கோக்கிறார்கள். 3 சீரீஸ், 5 சீரீஸ், எக்ஸ் வரிசை எஸ்.யூ.வி.கள். 2021 மார்ச்சில் எம்340ஐ என்ற வேகமான செடானையும் இங்கேயே கோத்து, 62.9 லட்ச ரூபாய்க்கு விற்றார்கள். அதே எம்340ஐ காருக்கு ஜெர்மனியில் டூரிங் என்ற வேகன் உடலும் உண்டு. எஞ்சின் அதுவே, கியர்பாக்ஸ் அதுவே, முன்பாதி முழுக்க அதுவே. பின்பாதி மட்டும்தான் வேறு. அந்தப் பின்பாதி செங்கல்பட்டுக்கு வரவில்லை. 3 சீரீஸ் கிரான் டூரிஸ்மோ என்ற, பின்கதவு முழுதாகத் திறக்கும் உயரமான உருவம் ஒன்று 2014-ல் வந்தது. வேகனுக்கு இந்த ஆலை நெருங்கியது அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை? பின்பாதி என்பது தகடு மட்டுமல்ல. மோனோகாக் காரில் கூரையும் பக்கச் சுவரும் தரையும் சேர்ந்துதான் பலம். பின்பாதி மாறினால் பின்னால் மோதும் சோதனை மாறும், எடை மாறும், புகைச் சான்று எடையைச் சார்ந்தது என்பதால் அதுவும் மாறும், உதிரி பாகப் பட்டியல் மாறும், கண்ணாடி முதல் பின்விளக்கு வரை ஒவ்வொரு கிடங்கிலும் புதிதாக அடுக்கவேண்டும். ஹெரால்டுக்குச் சென்னைப் பட்டறை போல்ட் போட்டு மாற்றிய வேலை இன்றைக்குக் கோடிக்கணக்கான ரூபாய்க் கணக்கு. ஆண்டுக்குச் சில ஆயிரம் கார்களாவது விற்றால் அந்தச் செலவு பரவும். சில டஜன் விற்றால் ஒவ்வொரு காரின் தலையிலும் லட்சங்களாக விழும்.

இதில்தான் அதிவேக வேகன் மாட்டிக்கொள்கிறது. அது மாடி, சாதாரண வேகன் கீழ்வீடு. கீழ்வீடு இல்லாத மனையில் மாடி கட்ட முடியாது. எம்3 டூரிங் 2022-ல் வெளிவந்தபோது அமெரிக்காவுக்கு அனுப்பப்படாததற்கும் இதே காரணம்: சாதாரண 3 சீரீஸ் டூரிங்கை அங்கே விற்காததால் அந்த உடல் அமெரிக்க மோதல் சோதனைகளுக்காக உருவாக்கப்படவில்லை. அதிவேகப் பதிப்பு ஒன்றுக்காக அத்தனையும் முதலிலிருந்து செய்ய யாரும் முன்வர மாட்டார்கள்.

கோக்க முடியாவிட்டால் முழு காராக இறக்குமதி செய்யலாமே என்றால், அங்கே சுங்க வரி நிற்கிறது. 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு 2025 பட்ஜெட்டில் அடிப்படை வரியை 70 விழுக்காடாகக் குறைத்தார்கள். கூடவே 40 விழுக்காடு மேல்வரி போட்டார்கள். பழைய 110 அப்படியே இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். துறைமுகத்தில் 100 ரூபாய்க்கு இறங்கும் கார் சுங்கம் தாண்டும்போது 210. அதன் மேல் 40 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 294. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு ஆயுட்கால வரி 20 விழுக்காடு, 353-ஐ நெருங்குகிறது. விற்பனையாளர் லாபத்தையும் இன்சூரன்சையும் இன்னும் சேர்க்கவில்லை. ஐரோப்பாவில் நல்ல சம்பளக்காரர் ஒருவர் குடும்பத்துக்கென்று வாங்குகிற வண்டி இங்கே பெருஞ்செல்வர் ஒருவரின் நான்காவது காராக மாறிவிடுகிறது. நான்காவது காரில் யாரும் சாமான் ஏற்றுவதில்லை.

ஆனாலும் ஒன்று வந்தது. 2015 ஜூனில் ஆடி தன் ஆர்.எஸ்.6 அவாண்டை 1.35 கோடி ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. 560 குதிரைத்திறன், எட்டு சிலிண்டர், நூறு கிலோமீட்டர் வேகத்தை 3.9 வினாடியில் தொடும். அந்த விலையில் எண்ணிக்கை ஒரு பொருட்டில்லை. ஆர்டர் வந்தால் கப்பலில் ஏற்றலாம். ஒன்றேகால் கோடிக்கு மேல் கொடுப்பவருக்கு அண்டை வீட்டுக்காரர் ஆம்புலன்ஸ் என்று நினைப்பாரோ என்ற கவலையும் இராது. வேகன் பிடிக்கும் இந்தியரே இல்லை என்றால் இந்தக் காரைக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

இடைப்பட்ட விலையில்தான் வாசல் அடைத்துக் கிடந்தது. 2018-ல் மத்திய அரசு அதைச் சற்றுத் திறந்தது. ஐரோப்பா, ஜப்பான் போன்ற இடங்களில் சான்று பெற்ற கார்களை ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 2,500 வரை இங்கே தனிச் சோதனை இல்லாமல் கொண்டுவரலாம் என்று விதி வந்தது. ஒரகடத்திலோ புனேயிலோ காத்துக்கிடந்து சான்று வாங்கும் செலவு மிச்சம். வேகன் பிரியர்கள் அப்போது நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2020-ல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ்.245 வந்தது: 200 கார்கள், 35.99 லட்சம். விற்றுத் தீர்ந்தது. 2025 அக்டோபரில் புதிய ஆர்.எஸ். வந்தது: 100 கார்கள், 49.99 லட்சம். அதுவும் தீர்ந்தது. இரண்டு முறையும் வந்தது செடான் சாயல் கொண்ட உருவம். அதே தொழிற்சாலை அதே எஞ்சினோடு செய்யும் கோம்பி வேகன் கப்பல் ஏறவில்லை.

இங்கேதான் கார் நிறுவனங்கள் மீது எனக்கு வருத்தம். சோதனைச் செலவு இல்லை. நூறு கார்தான் என்று முன்கூட்டியே தெரியும். வாங்கப் போகிறவர்கள் காரை நேசித்து, படித்து, காத்திருந்து வாங்கும் கூட்டம். அதில் முப்பது காரை வேகனாக அனுப்பியிருந்தால் என்ன நஷ்டம் வந்திருக்கும்? பிடிக்காது என்பதை நிரூபிக்க நிரந்தரமாகக் கொடுக்காமலே இருப்பது நியாயமான சோதனை அல்ல. இன்னொரு காரணத்தை அவர்கள் வெளியே சொல்வதில்லை: காட்சியகத்தில் வேகன் நின்றால் அது செடான் வாங்குபவரை இழுக்காது, எஸ்.யூ.வி. வாங்குபவரைத்தான் இழுக்கும். லாபம் அதிகம் இருப்பது எஸ்.யூ.வி.யில்.

அமெரிக்காவின் கதையும் ஏறக்குறைய இதுதான். ஒரு காலத்தில் வேகனின் தாய்நாடே அதுதான். 1975-ல் எரிபொருள் சிக்கனச் சட்டம் வந்தபோது கார்களுக்கு ஓர் அளவும், லேசான டிரக்குகளுக்கு அதைவிடத் தளர்வான அளவும் வைத்தார்கள். வேகன் கார் கணக்கில் விழுந்தது. மினிவேனும் எஸ்.யூ.வி.யும் டிரக் கணக்கில் ஒதுங்கிக்கொண்டன. பெரிய எஞ்சின் வைத்த குடும்ப வண்டி வேண்டுமென்றால் டிரக் பக்கம் போவதே நிறுவனத்துக்கு லாபம். 1996-ல் ப்யூக் ரோட்மாஸ்டரோடு அமெரிக்கப் பெரு வேகன்களின் காலம் முடிந்தது. அதன் பிறகு கேடிலாக் 2011-ல் 556 குதிரைத்திறனோடு சி.டி.எஸ்.-வி வேகனைச் செய்தது. குறைவாகவே விற்றது, ஆனால் இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அந்த ஏக்கத்தைப் பார்த்துத்தானோ என்னவோ, 2019-ல் ஆடி தன் ஆர்.எஸ்.6 அவாண்டை முதன்முறையாக அமெரிக்காவுக்கு அறிவித்தது. 2024-ல் பி.எம்.டபிள்யூ. எம்5 டூரிங்கையும் அனுப்பியது. மறுத்துவந்த சந்தைக்கே கதவு திறந்திருக்கிறது.

கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் நிலைமை வேறு. அங்கே ஜப்பானில் ஓடிய பழைய கார்களை இறக்குமதி செய்யும் வழி நெடுங்காலம் திறந்திருந்தது. டொயோட்டா கொரோலா வேகன்களும் நிசான் ஏ.டி. வேகன்களும் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் சர்வசாதாரணம். குடும்பம், வெங்காய மூட்டை, கோயில் பயணம் எல்லாவற்றுக்கும் அதே வண்டி. அவர்களும் தமிழர்கள்தானே, அவர்களுக்கு வேகன் பிடிக்காமல் போகவில்லை. இந்தியாவிலோ பழைய கார் என்றால் மூன்று வயதுக்குள் இருக்கவேண்டும், மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வரவேண்டும், சுங்கமும் கட்டவேண்டும். அந்த வாசல் இருந்தும் இல்லாததுபோல்தான்.

சாலையும் எரிபொருளும் தடை என்று ஒரு வாதம் உண்டு. எரிபொருள் பற்றிய பகுதி பழசாகிவிட்டது. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 தர எரிபொருள் வந்தது, அந்த ஆண்டு இறுதியில் இந்தியன் ஆயில் 100 ஆக்டேன் பெட்ரோலையே விற்கத் தொடங்கியது. சாலை பற்றிய பகுதியில் உண்மை இருக்கிறது. வேகத்தடைக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வகுத்த அளவு 10 சென்டிமீட்டர் உயரம், 3.7 மீட்டர் அகலம். வளைவு தெரியாமல் ஏறி இறங்கும். குப்பத்துக்குக் குப்பம் நாம் பார்ப்பது அந்த அளவு அல்ல. தாழ்வான அதிவேக வேகனின் மூக்கு அங்கே நிச்சயம் உரசும். ஆனால் அந்த வேகத்தடைகளை நான் குறை சொல்ல மாட்டேன். சாலையின் ஒரு பக்கம் குடியிருப்பு, மறு பக்கம் கடலோ உப்பளமோ. விடியலுக்கு முன் பெண்கள் வேலைக்கு நடந்து போவதும், பிள்ளைகள் பள்ளிக்குக் கடப்பதும் இதே சாலையில்தான்.

அவர்களை நினைக்கும்போதுதான் இந்த விஷயம் கார் பிரியர்களின் தனி ஏக்கமாக மட்டும் எனக்குப் படவில்லை. அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்பீட்டுக் கழகம் 2023-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. முன்மூடி ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்த வண்டிகள் நடந்து போகிறவரை மோதினால், முக்கால் மீட்டர் உயரத்துக்குள் சரிந்து இறங்கும் முன்மூடி கொண்ட கார்களைவிட மரணம் நேரும் வாய்ப்பு சுமார் 45 விழுக்காடு அதிகம் என்று அது கண்டது. வேகனின் முன்பாதி சாதாரண செடான்தான். அதே சாமானை, அதே குடும்பத்தை, குறைந்த எடையில், தாழ்வான முன்மூடியோடு ஏற்றிச் செல்கிறது. வேகமாகப் போகிற ஆசையுள்ளவர் எப்படியும் வேகமான வண்டி வாங்கத்தான் போகிறார். அவர் வாங்குவது உயர்ந்த சுவர் போன்ற முகம் கொண்ட இரண்டரை டன் வண்டியாக இருக்கவேண்டும் என்று வரிச்சட்டம் தள்ளிவிடத் தேவையில்லை.

வரிக்கு வண்டிகள் எப்படியெல்லாம் வளையும் என்பதற்கு இந்தச் சாலையே சாட்சி. மரக்காணத்தைத் தாண்டி இன்னும் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை. அங்கே வாகன வரி பக்கத்து மாநிலங்களைவிடக் குறைவு. கேரளத்தில் ஓடிய சொகுசுக் கார்கள் பல புதுச்சேரி முகவரியில் பதிவாகியிருந்தது 2017-ல் வெளிவந்து, விசாரணைகள் நடந்தன. ஒரு கோடி ரூபாய் காருக்குச் சில லட்சங்கள் மிச்சம் என்றால் மனிதர்கள் வீட்டு முகவரியையே மாற்றிக்கொள்கிறார்கள். கார் நிறுவனம் ஒரு வண்டியின் பின்பாதியை வெட்டுவதில் என்ன ஆச்சரியம்?

அளவுகோலை மாற்றுவது நடக்காத காரியமல்ல. நீளத்தையும் தரை இடைவெளியையும் அளப்பதற்குப் பதிலாக எடையையும் புகையையும் அளக்கலாம். பிரான்ஸ் புகைக்கு வரி போடுகிறது. 2022 முதல் எடைக்கும் சேர்த்துப் போடுகிறது. அப்படி ஒரு கணக்கு இங்கே வந்தால், நான்கரை மீட்டர் நீளமுள்ள லேசான வேகன் ஒன்று நான்கு மீட்டர் கனத்த எஸ்.யூ.வி.யோடு சமமாக நின்று விலை பேசலாம். கீழ்வீடு எழும்பினால் மாடி எழும்புமா இல்லையா என்று அப்போது பார்க்கலாம். செங்கல்பட்டு ஆலையில் எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்பாதியும் ஏற்கெனவே இருக்கின்றன.

2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை மரக்காணம் முதல் புதுச்சேரி வரையிலான 46 கிலோமீட்டரை 2,157 கோடி ரூபாய்ச் செலவில் நான்கு வழியாக்க ஒப்புதல் அளித்தது. அந்த வேலை எந்தெந்தக் குப்பங்களைத் தொடுகிறது, நடப்பவர்களுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதைப் பின்னால் வரும் பகுதியில் பார்ப்போம். அதற்கு முன், அடுத்த வாரம், 2002-ல் இந்தச் சாலைக்குச் சுங்கச்சாவடி வந்த கதை.